லீ மில்லரின் ‘பிக்னிக்’ படமும் 1937 கோடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்பட விழாவுக்குப் பேர்போன கான் நகரத்துக்கு எதிரே, கடலுக்குள் சேன்ட் மார்கரீத் என்றொரு சின்னத் தீவு. 1937 கோடையில் அங்கே மரநிழலில் ஐந்து பேர் சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறாவது ஆளின் கையில் கேமரா. அவர்தான் லீ மில்லர். ‘பிக்னிக்’ என்ற பெயரில் உலகம் முழுக்க அச்சாகிவிட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றியும், அதே கோடையில் சக கலைஞர்களை அவர் எடுத்த வேறு படங்களைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை அப்படி விட மனம் வரவில்லை.

படத்தில் இருக்கும் ஐவர் யார்?

பிரெஞ்சுக் கவிஞர் பால் எலுவார், அவர் மனைவி நூஷ் எலுவார், ஆங்கிலேய ஓவியர் ரோலண்ட் பென்ரோஸ், அமெரிக்கப் புகைப்படக்காரரும் ஓவியருமான மான் ரே, அவருடைய அன்றைய துணை அட்ரியென் ஃபிடெலின். எலுவார் தம்பதி தங்களுக்குள் அணைத்துக்கொண்டு மூழ்கியிருக்கிறார்கள். மான் ரேயும் ஃபிடெலினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். பென்ரோஸுக்கு மட்டும் ஜோடி இல்லை. அவருடைய ஜோடிதான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

லீ மில்லர் யார்? மாடலா, புகைப்படக்காரரா?

இரண்டும்தான், ஆனால் இரண்டையும் ஒரே எடையில் வைக்கக் கூடாது. 1907இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி ஊரில் பிறந்தார். இருபது வயதுக்குள் ‘வோக்’ பேஷன் இதழின் அட்டையில் அவர் முகம் வந்துவிட்டது. 1929இல் பாரிஸுக்குப் போய் மான் ரேயிடம் தொழில் கற்றார். விரைவிலேயே சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். 1932இல் நியூயார்க் திரும்பி அங்கும் ஒரு ஸ்டூடியோ நடத்தினார். 1934இல் எகிப்தியரான அஸீஸ் எலூயி பேயை மணந்து கெய்ரோவுக்குக் குடிபோனார். 1937 கோடையில் பாரிஸுக்கு வந்த இடத்தில்தான் பென்ரோஸைச் சந்தித்தார்.

மாடலாக இருந்த சில வருடங்களை முன்னால் வைத்து, நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட மற்ற வாழ்க்கையைப் பின்னால் தள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘மான் ரேயின் காதலி’ என்று அவரை அறிமுகப்படுத்தும் கட்டுரைகள் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகின்றன.

இவ்வளவு பேர் எப்படி ஒரே இடத்தில் கூடினார்கள்?

அது ஒருநாள் கூட்டம் இல்லை, நகர்ந்துகொண்டே இருந்த விடுமுறை. ஜூலையில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ட்ரூரோ ஊருக்குப் பக்கத்தில், லாம்ப் க்ரீக் என்ற ஆற்றங்கரை வீட்டில் பென்ரோஸ் எல்லோரையும் அழைத்துத் தங்கவைத்தார். அது அவருடைய சகோதரரின் வீடு. லீ, மான் ரே, ஃபிடெலின், எலுவார் தம்பதி, ஓவியர்கள் மாக்ஸ் எர்ன்ஸ்ட், லியொனோரா காரிங்டன், எய்லீன் ஏகர், அவர் துணைவர் ஜோசப் பார்ட் எல்லோரும் வந்தார்கள். சிற்பி ஹென்றி மூரும் வந்துபோனார்.

கோடையின் பிற்பகுதியில் இதே கும்பலில் பலர் தெற்கு பிரான்ஸுக்கு நகர்ந்தார்கள். கான் நகரத்துக்கு மேலே குன்றின்மீது மூஜான் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ‘வாஸ்த் ஒரிசோன்’ என்ற ஓட்டலில் பிக்காசோவும் அவர் துணையான புகைப்படக்காரர் டோரா மாரும் தங்கியிருந்தார்கள். காலையில் கடற்கரை, மதியம் நீண்ட சாப்பாடு, மிச்ச நேரத்தில் அவரவர் வேலை. தீவுப் படம் அந்த நாட்களைச் சேர்ந்தது.

இது சாதாரண சுற்றுலாப் படம்தானே? இதில் சர்ரியலிசம் எங்கே இருக்கிறது?

சர்ரியலிசம் என்பது கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற இயக்கம். அதன் அடையாளமாகிவிட்ட, டாலி வரைந்த உருகும் கடிகாரம் போன்றதைத் தேடினால் இங்கே கிடைக்காது. லீ மில்லரின் சர்ரியலிசம் வேறு வகை. இருக்கிற உலகத்தை மாற்றாமல், நிற்கும் இடத்தையும் படச்சட்டத்தின் விளிம்பையும் மட்டும் மாற்றி, கண்முன் இருப்பதையே விசித்திரமாக்குவது அவர் வழி.

1930ஐ ஒட்டிய ஒரு பாரிஸ் படத்தைச் சொன்னால் புரியும். கெர்லேன் வாசனைத் திரவியக் கடையின் கண்ணாடிக் கதவு. வருகிற போகிற பணக்காரப் பெண்களின் வைர மோதிரங்கள் உரசி உரசிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்திருந்தது. கதவைத் தொட ஒரு கை நீளும் நேரத்தில் லீ அதை எடுத்தார். படத்தில் அந்தக் கையிலிருந்து நெருப்புப்பொறி வெடித்துச் சிதறுவது தெரியும். இருட்டறையில் எந்தச் சித்துவேலையும் செய்யவில்லை. கீறலும் கையும் வெளிச்சமும் அங்கேயே இருந்தவை.

1937இல் எகிப்தின் சீவா பாலைவனச் சோலைப் பக்கம் எடுத்த ‘வெளியின் உருவப்படம்’ என்ற புகழ்பெற்ற படமும் இதே முறைதான். ஒரு கொசுவலை கிழிந்திருக்கிறது. கிழிசலுக்கு அந்தப் பக்கம் மணல்வெளி. வலையோடு ஒட்டி ஒரு சிறு சட்டம் தொங்குகிறது. எது உள்ளே, எது வெளியே என்று மனம் தடுமாறும். ஆனால் படத்தில் இருப்பது மொத்தமும் ஒரு கிழிந்த கொசுவலை.

இப்போது ‘பிக்னிக்’ படத்துக்கு வாருங்கள். இலைகளின் ஊடே வெயில் புள்ளி புள்ளியாக உடம்புகள்மேல் விழுகிறது. இரண்டு பெண்கள் இடுப்புக்கு மேல் உடையில்லாமல் இருக்கிறார்கள், ஆண்கள் சட்டையோடு. முத்தமும் சாப்பாடும் ஒரே மேசையில் நடக்கின்றன, யாரும் எதையும் மறைக்கவில்லை. 1863இல் பிரெஞ்சு ஓவியர் மனே வரைந்த ‘புல்வெளியில் மதிய உணவு’ ஓவியம் உடனே ஞாபகத்துக்கு வரும். உடையணிந்த ஆண்கள் நடுவே நிர்வாணமாக ஒரு பெண் உட்கார்ந்து நம்மை நேராகப் பார்க்கும் அந்த ஓவியம் அன்று பாரிஸையே கொந்தளிக்கவைத்தது. படித்த கலைஞர் யாரும் இந்த ஒப்புமையைத் தவறவிட மாட்டார்கள். லீயும் அங்கிருந்தவர்களும் அதைத் தெரிந்தே செய்தார்களா என்பதைவிட முக்கியமானது: மனே மாடலைக் கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. இங்கே அது அவர்களுடைய ஒரு மதிய நேரம். சர்ரியலிஸ்டுகள் ஆசையும் சுதந்திரமும் பற்றி எழுதிய அறிக்கைகள் எத்தனையோ. அவற்றை அவர்கள் வாழ்ந்துபார்க்க முயன்றதற்கு இந்த மாதிரிப் படங்களே சாட்சி.

இது கேண்டிட் படமா, போஸ் கொடுத்ததா?

இன்றைக்கு நம்மூர்க் கல்யாணங்களில் ‘கேண்டிட்’ எடுப்பவர், தாலி கட்டும் நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஓரத்தில் நின்று டெலி லென்ஸில் பிடிப்பார். லீ எடுத்தது அப்படி இல்லை. எல்லோருக்கும் அவர் கேமராவோடு நிற்பது தெரியும். தெரிந்தும் முகத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை என்பதுதான் விஷயம். வெளியாள் ஒருவர் கேமராவைத் தூக்கியிருந்தால் எலுவார் தம்பதி விலகி உட்கார்ந்திருப்பார்கள், பென்ரோஸ் முதுகை நிமிர்த்தியிருப்பார்.

ஒரு நல்ல உருவப்படத்துக்குக் கேமரா நுட்பத்தைவிட, எடுப்பவருக்கு அந்த மேசையில் இடம் இருக்கிறதா என்பதே பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். லீ அங்கே விருந்தாளி. படம் எடுத்து முடித்ததும் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்காரப்போகிறவர். அதற்கு ஆதாரமும் உண்டு: அதே சாப்பாட்டை பென்ரோஸ் எடுத்த இன்னொரு படத்தில் லீ மற்ற இரு பெண்களைப் போலவே மேலாடை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியென்றால், பெண்கள் மட்டும் உடையில்லாமல் இருப்பது ஆண்களின் விருப்பம் இல்லையா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த வட்டத்தில் சுதந்திரம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. பெண்ணின் உடம்பைக் கனவாகவும் பொருளாகவும் வரைந்து தள்ளிய ஆண்கள், பெண்களின் சொந்த ஓவியங்களைப் பற்றி அதே ஊக்கத்தோடு பேசியதில்லை. படத்திலேயே அந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது: சட்டை இருப்பது யாருக்கு, இல்லாதது யாருக்கு என்று பார்த்தால் போதும்.

ஆனால் இதை எடுத்தது ஆண் கண் இல்லை. நூஷும் ஃபிடெலினும் லீயிடம் கூச்சப்படாமல் இருந்தது, அவர் தங்களைப் போலவே அங்கே இருந்தவர் என்பதால். இரண்டு உண்மையையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

மான் ரேயும் லீயும் முன்பு காதலர்களாக இருந்தவர்கள். பிறகு எப்படி ஒன்றாக விடுமுறை?

இந்தப் படத்தின் அடியாழம் என்று நான் நினைப்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1929 முதல் 1932 வரை இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து வேலை செய்தார்கள். எதிர்மறைச் சுருளை (நெகட்டிவை) உருத்துலக்கும் நேரத்தில் வெளிச்சம் காட்டி, உருவத்தின் ஓரங்களில் கருங்கோடு வரவழைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்குச் சோலரைசேஷன் என்று பெயர். இருட்டறையில் தன் காலில் ஏதோ ஊர்ந்ததும் பதறி விளக்கைப் போட்டதாகவும், அப்படித்தான் அந்த முறை தங்களுக்குக் கைவந்ததாகவும் லீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு மான் ரே அதைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார்.

அந்த வருடங்களில் மான் ரே லீயைத் துண்டு துண்டாகப் பார்த்தார். கழுத்து தனி, மார்பு தனி, முதுகு தனி, உதடு தனி. லீ பிரிந்துபோனபின் இசைக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி ஒன்றின் ஆடும் கம்பியில் அவருடைய கண்ணின் படத்தை வெட்டி மாட்டி, சுத்தியலால் அடித்து உடைக்கும்படி ஒரு குறிப்பும் எழுதினார். வானத்தில் அவருடைய உதடுகள் மட்டும் மிதக்கும் ஓவியத்தை இரண்டு வருடத்துக்குமேல் வரைந்தார். அந்த ஓவியத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். கோபமும் தாபமும் கலந்த அந்த வேலைகள் கலை வரலாற்றில் பெரிய இடம் பிடித்துவிட்டன.

ஐந்து வருடம் கழித்து, தீவின் மரத்தடியில், கேமரா இந்தப் பக்கம் மாறியிருக்கிறது. லீ மான் ரேயைத் துண்டு துண்டாக்கவில்லை, பழிதீர்க்கவும் இல்லை. அவருடைய புதிய துணையோடு, நண்பர்களோடு, சாப்பாட்டு மேசையோடு முழு மனிதனாக எடுத்திருக்கிறார். சக கலைஞரின் உருவப்படம் என்று எதையாவது சொல்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். மான் ரே ஸ்டூடியோ விளக்குகளுக்கு நடுவே எடுத்துக்கொண்ட சுயபடங்களில் எப்போதும் ஒரு வேடம் இருக்கும். இதில் அது இல்லை. இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

கார்ன்வாலில் எடுத்த காரிங்டன்-எர்ன்ஸ்ட் படத்தில் அந்தக் கைகள் யாருடையவை?

மாக்ஸ் எர்ன்ஸ்ட் பின்னால் நின்று தன் இரு கைகளால் லியொனோரா காரிங்டனின் மார்பை மூடியிருக்கிறார். துணி இருக்க வேண்டிய இடத்தில் கைகள். அப்போது காரிங்டனுக்கு வயது 20, எர்ன்ஸ்டுக்கு 46. இருவரும் சந்தித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பணக்காரத் தொழிலதிபர் வீட்டுப் பெண், திருமணமான ஜெர்மானிய ஓவியரோடு வந்துவிட்டார் என்று குடும்பத்தில் பெரும் கொந்தளிப்பு.

நான் பார்த்தவரை பலர் இதை எர்ன்ஸ்டின் படமாகவே பேசுகிறார்கள். நடுவில் இருப்பது காரிங்டன். பின்னாளில் மெக்சிகோவில் குடியேறி, 2011இல் மறையும்வரை தனக்கென ஓர் உலகத்தையே வரைந்த பெரும் ஓவியர். லீ அவரை 1939 கோடையிலும், தெற்கு பிரான்ஸின் சேன் மார்த்தேன் தார்தேஷ் கிராமத்து வீட்டில் படமெடுத்தார்.

அதே விடுமுறையில் பிக்காசோவும் இருந்தாரே. அவரையும் லீ எடுத்தாரா?

எடுத்தார். அன்று தொடங்கிய பழக்கம் வாழ்நாள் முழுக்க நீண்டது. லீ எடுத்த பிக்காசோ படங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

பதிலுக்குப் பிக்காசோவும் மூஜானில் லீயை வரைந்தார், ஒன்றல்ல, ஆறு ஓவியங்கள். ஆர்ல் நகரத்துப் பெண்களின் உடையில் லீ. அவற்றில் ஒன்றில் பின்னணி பளிச்சென்ற இளஞ்சிவப்பு, முகம் சூரிய மஞ்சள், இரண்டு கண்ணும் பச்சை வாயும் முகத்தின் ஒரே பக்கத்தில். பென்ரோஸ் அதை 50 பவுண்டுக்கு வாங்கி லீக்குக் கொடுத்தார்.

ஃபிடெலினைப் பற்றி ஏன் எங்கும் விவரமே இல்லை?

எழுதியவர்கள் தேடவில்லை, அதனால்தான். பல புத்தகங்களில் அவர் ‘மான் ரேயின் தோழி’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துபோகிறார். கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த குவாதலூப் தீவில் பிறந்தவர், நடனக் கலைஞர். 1937 செப்டம்பரில் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் மான் ரே எடுத்த அவருடைய படம் வெளியானது. அமெரிக்காவின் பெரிய பேஷன் இதழ் ஒன்றில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாடல் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1940இல் நாஜிப் படை பாரிஸுக்குள் நுழைந்தபின் மான் ரே அமெரிக்காவுக்குத் தப்பினார். ஃபிடெலின் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. மான் ரே விட்டுச்சென்ற படைப்புகள் பத்திரமாக மிஞ்சியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நவீனக் கலையை ரசிக்கிற நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

ஸ்பெயினில் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. இவர்களுக்குக் கவலையே இல்லையா?

1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினின் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. பிக்காசோ மே, ஜூன் மாதங்களில் ‘கெர்னிகா’ என்ற அந்த மாபெரும் ஓவியத்தை வரைந்து முடித்தார். அது உருவானதைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்தவர் டோரா மார். எலுவார் அதே அழிவைப் பற்றிக் கவிதை எழுதினார். ஓவியம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் வரைந்தவர் மூஜானில் கடலில் குளித்தார். பென்ரோஸும் ஸ்பானியக் குடியரசுக்காக உழைத்தவர். இவர்கள் எதையும் அறியாமல் ஓடியாடியவர்கள் இல்லை.

அதற்காக அந்தச் சிரிப்பில் வரப்போகும் துயரத்தைப் படிக்க வேண்டியதில்லை. நமக்கு 1939 தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அன்று அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

பிறகு இவர்கள் என்ன ஆனார்கள்?

1939 ஆகஸ்டில் லீயும் பென்ரோஸும் பிக்காசோவைத் தெற்கு பிரான்ஸின் ஆன்டீப் நகரத்தில் மறுபடி பார்த்தார்கள். போர் நெருங்கவே அவசரமாகக் கிளம்பி செப்டம்பர் 3இல் லண்டன் வந்து சேர்ந்தார்கள். பிரிட்டன் போர் அறிவித்த நாள் அது. பிரான்ஸில் எர்ன்ஸ்ட் ‘எதிரி நாட்டவர்’ என்று முகாமில் அடைக்கப்பட்டார். காரிங்டன் ஸ்பெயினுக்குத் தப்பி, அங்கே மனநல மருத்துவமனையில் கொடூரமான சிகிச்சைக்கு ஆளானார். எலுவார் நாஜி எதிர்ப்பியக்கக் கவிஞரானார். நூஷ் 1946இல் திடீரென இறந்தார். லீ ‘வோக்’ இதழின் போர்ச் செய்தியாளராக ஐரோப்பா முழுக்கச் சுற்றி, புகென்வால்ட், டாக்கவ் நாஜி வதைமுகாம்களை விடுவிக்கப்பட்ட சில நாட்களுக்குள் படமெடுத்தார். 1947இல் பென்ரோஸை மணந்தார், 1977இல் இறந்தார். அதன்பிறகுதான் வீட்டுப் பரணில் பெட்டி பெட்டியாகக் கிடந்த ஏறக்குறைய 60,000 எதிர்மறைகளும் பிரதிகளும் ஆவணங்களும் குடும்பத்தின் கண்ணில் பட்டன. இந்தக் கோடைப் படங்கள் பரவலாக நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

சில இடங்களில் இந்தப் படத்தை மான் ரே எடுத்ததாகப் போட்டிருக்கிறார்களே?

தவறு. ‘பிக்னிக்’ படத்துக்குள்ளேயே மான் ரே உட்கார்ந்திருக்கிறார். குழப்பத்துக்குக் காரணம் உண்டு: அந்தக் கோடையில் மான் ரே, பென்ரோஸ், டோரா மார், எய்லீன் ஏகர் எல்லோரிடமும் கேமரா இருந்தது. ஒரே கடற்கரை, ஒரே முகங்கள். லாம்ப் க்ரீக்கில் நான்கு பெண்கள் கண்மூடிச் சாய்ந்திருக்கும் படம் பென்ரோஸ் எடுத்தது. அந்த நால்வரில் லீயும் ஒருவர். பிக்காசோ கும்பலை மூஜானிலும் கடற்கரையிலும் ஏகர் எடுத்த படங்கள் லண்டனின் டேட் அருங்காட்சியக ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால், யார் படச்சட்டத்துக்குள் இல்லை என்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அசலை எங்கே பார்க்கலாம்? என் கட்டுரையில் பயன்படுத்தலாமா?

இங்கிலாந்தின் கிழக்கு சஸெக்ஸில் சிடிங்லி கிராமத்தில் லீயும் பென்ரோஸும் வாழ்ந்த ஃபார்லீஸ் வீடு பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. லீ மில்லர் ஆவணக்காப்பகமும் அங்கேதான். வருடம் முழுக்கத் திறப்பதில்லை, கிளம்பும் முன் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். எடின்பரோவின் தேசியக் கலைக்கூடங்களிலும் பென்ரோஸின் சேகரிப்பில் ஒரு பகுதி இருக்கிறது.

படங்கள் இன்னும் பதிப்புரிமையில் உள்ளன. பிரிட்டிஷ் சட்டப்படி எடுத்தவர் இறந்து 70 வருடம், அதாவது 2047 முடியும்வரை. அச்சில் போட ஆவணக்காப்பகத்திடம் அனுமதி கேட்டு எழுத வேண்டும். அனுமதி கிடைத்துப் போடும்போது படக்குறிப்பில் ‘மான் ரேயும் நண்பர்களும்’ என்று சுருக்காமல் ஐந்து பெயரையும் எழுதுங்கள், கீழே எடுத்தவர் பெயரையும்.